மானியம் வந்தால் மட்டும் போதுமா?

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

     

சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேசவேண்டிய தொழிற்சங்க மேடையில் படிப்பு, மானியம் என்று பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணிமார்களாகிய நாங்கள் ஒரு பதில் சொல்கிறோம். ஊழியர் சேமநிதிக் கணக்கு வீட்டுக்கு வருகிறது. சொக்சோ பாரம் வருகிறது. தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு வழக்கறிஞரின் கடிதம் வருகிறது. அவற்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து, “இதுலே என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா” என்று கேட்கிறவர்கள் கிழவர்கள் மட்டுமல்லர். பதினெட்டு, இருபது வயது வாலிபர்களும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்களா அவர்கள்? இல்லை. ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியிலும், அதன்பின் இரண்டு மூன்று வருஷம் இடைநிலைப் பள்ளியிலும் உட்கார்ந்து எழுந்தவர்கள். கையெழுத்துப் போடத் தெரியும். எதில் போடுகிறோம் என்பது தெரியாது.

சம்பளத் துண்டை வாசிக்கத் தெரியாதவன், அதில் பிடித்த காசு சரியா என்று எப்படிக் கேட்பான்? தோட்ட முதலாளிமார் சங்கத்தோடு நமது சங்கம் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை யார் அவனுக்கு வருஷம் முழுவதும் வாசித்துக்கொண்டிருப்பது? ஆகவே, தோழர்களே, வாசிப்புப் பிரச்சினை என்பது சம்பளப் பிரச்சினையேதான். அதனால்தான் இந்த மேடைக்கு அதைக் கொண்டுவந்தோம்.

இனி, மானியத்துக்கு வருவோம். மானியம் என்றால் யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பேராக்கும் சேர்ந்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி செய்தது. ஒரு தோட்டத்தில் 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், அங்கே நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாகவேண்டும் என்பதே அந்த விதி. நம்முடைய தோட்டப் பள்ளிகளுக்கு வேர் அதுதான்.

சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. எப்படிப்பட்ட பள்ளி? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அந்த வாத்தியாரும் பல இடங்களில் கங்காணியாகவோ, நம்மைப் போன்ற கிராணியாகவோ இருந்தார். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவரே பிற்பாடு பள்ளியிலும் பேர் கூப்பிட்டார். சட்டம் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னதே தவிர, பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டதா என்று கேட்கவில்லை. 1930களில் அரசாங்கம் கொடுத்த உதவித் தொகையும் பெரிதும் பிள்ளைகளின் சராசரி வருகையைப் பொறுத்தே அமைந்தது. தலையை எண்ணிக் காசு கொடுத்தால் தலைதானே எண்ணப்படும்? எதை எண்ணிப் பணம் கொடுக்கிறார்களோ அதுதான் வளரும். இந்த ஒரு பாடத்தைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் நமக்கு அது தேவைப்படுகிறது.

பிறகு காலம் மாறிற்று. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயும் ஆங்கிலமும் போதிக்கும் தேசியப் பள்ளிகள் வரவேண்டும் என்றது. 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. தமிழ்த் தொடக்கப் பள்ளிகளும் நாட்டின் கல்வி முறைக்குள் ஓர் இடம் பெற்றன. 1957இல் நாடு விடுதலை அடைந்தபோது ஏறக்குறைய 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520க்குச் சற்று அதிகம். பெரும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு நகர்ந்தார்கள். பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிகள் மூடப்பட்டன, சில வேறிடம் பெயர்ந்தன.

எஞ்சிய பள்ளிகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று முழு உதவி பெறும் பள்ளி. மற்றொன்று பகுதி உதவி பெறும் பள்ளி. பகுதி உதவிப் பள்ளியிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் உண்டு. ஆனால் நிலம் அரசாங்கத்துடையது அன்று, பெரும்பாலும் தோட்டத்துடையது. கூரை ஒழுகினால், சுவர் வெடித்தால், பள்ளி வாரியமும் பெற்றோரும் அலையவேண்டும். நாட்டின் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே நம்மவர்கள் மானியம் என்றதும் உடனே கட்டடத்தை நினைக்கிறார்கள். அதில் குற்றமில்லை. மழை ஒழுகும் வகுப்பில் எந்தப் பிள்ளை படிக்கும்? ஆனால் கட்டடம் எழுந்த பிறகும் வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்தே வெளியே வருகிறது என்றால், நமது மானியக் கோரிக்கையில் ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கிறது என்றுதானே பொருள்?

விட்டுப்போனது என்ன? இளைஞன்! பன்னிரண்டு வயது வரை அவனுக்குப் பள்ளி இருக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. அதன்பின் அவன் தேசிய மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான். தேசிய மொழியில் தேர்ச்சி குறைந்த பிள்ளைகள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காருகிறார்கள். அந்த ஓராண்டில்தான் பலருக்குக் கால் தளர்கிறது. கூடப் படித்த சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் முன்னே போக, “எனக்குப் படிப்பு ஏறாது” என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு பதினைந்து வயதில் நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! 2021இல் ஆறாம் வகுப்பு அரசாங்கச் சோதனை எடுக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது; நல்லதுதான். ஆனால் யார் வாசிக்கத் தெரியாமல் மேலே போகிறார்கள் என்பதைப் பெற்றோர் ஒரு தாளில் பார்க்க இருந்த வழியும் அதோடு போயிற்று. இப்போது நாம்தான் உட்கார்ந்து, “இதை வாசி பார்க்கலாம்” என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

இந்த இளைஞர்களுக்காக யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். கல்வி, சமூக நல, ஆய்வு அறவாரியம் 1979 முதலும், ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதலும் உழைத்து வருகின்றன. படித்த வாலிபர்கள் வார இறுதியைத் தியாகம் செய்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்கமும் 2018இல் மித்ரா என்ற இந்திய உருமாற்றப் பிரிவை அமைத்து, ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்று ஒதுக்கீடு செய்தது. 10 கோடி! அந்தப் பணத்தில் நமது வட்டாரத்து வாலிபன் ஒருவன் கையில் ஒரு புத்தகமாவது வந்து சேர்ந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2021இல் மித்ரா மானியங்கள் செலவான விதம் குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கியதையும் நாம் பத்திரிகையில் படித்தோம். யார் மீதும் இங்கே பழி சொல்ல வரவில்லை. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் பார்க்கவேண்டியது வேறு.

மானியம் எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். விண்ணப்பம் கணினியில் போடவேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ திட்ட அறிக்கை வேண்டும். பதிவு பெற்ற இயக்கம் வேண்டும். வங்கிக் கணக்கு வேண்டும். தணிக்கை செய்த கணக்கறிக்கை வேண்டும். இவை கேட்பது நியாயமே. பொதுப் பணம் அல்லவா? ஆனால் இவையெல்லாம் யாரிடம் தயாராக இருக்கின்றன? பட்டணத்தில் இருப்பவர்களிடம். ஆகவே பணம் பட்டணத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு நாள் பஸ் ஏறி நம்மிடம் வருகிறது. மண்டபத்தில் பதாகை கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சட்டை கொடுக்கிறார்கள். தன்முனைப்புச் சொற்பொழிவு நடக்கிறது. மத்தியானம் கோழிக் குழம்போடு சாப்பாடு. படம் எடுக்கிறார்கள். மாலையில் பஸ் திரும்பிப் போகிறது. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணித்தான் அந்த மானியத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். பழைய தோட்டப் பள்ளியில் தலை எண்ணிய அதே கதை! ஒரு நாளில் எவனும் வாசிக்கக் கற்றுக்கொள்வதில்லை. பால்மரம் வெட்டப் பழகுவதற்கே எத்தனை நாள் பிடிக்கிறது?

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. இந்திய அரசின் தேசிய எழுத்தறிவு இயக்கம் பணம் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அப்போது அங்கே மாவட்ட ஆட்சியர். பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அந்தந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அதற்காகச் சம்பளம் வாங்காதவர்கள். அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கற்சுரங்கத்தில் கல் உடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து சுரங்கக் குத்தகையைத் தாங்களே எடுத்து நடத்தும் நிலைக்கு வந்தார்கள். வெளியிலிருந்து வந்த பணம் பாடநூலையும் பலகையையும் வாங்கிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஆசிரியரானார். அதனால்தான் அது ஊரைத் தொட்டது.

நம்மைப் போலவே தோட்டத்தில் வாழும் இலங்கை மலையகத்து மக்களையும் பார்ப்போம். அங்கே தோட்டப் பள்ளிகளை 1970களில் அரசாங்கம் ஏற்றது. 1980களின் நடுவிலிருந்து சுவீடன் நாட்டு உதவி வந்தது; பின்னர் ஜெர்மனி நாட்டு உதவியும் வந்தது. கட்டடங்கள் எழுந்தன. ஆனால் நிலைத்த பலன் எது என்றால், பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் மலையகத்துப் பிள்ளைகளே ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்ததுதான். லயத்தில் பிறந்தவரே ஆசிரியராய் வந்து நின்றால், “நமக்குப் படிப்பு ஏறாது” என்ற பேச்சு அங்கே எடுபடுமா?

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் இதே முறைதான். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி இழந்த பிள்ளைகளுக்கு, அந்தத் தெருவிலேயே இருக்கும் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பணம், பிள்ளையோடு உட்காருகிறவர் கையில் போய்ச் சேர்ந்தது.

தூரத்துக் கதைகள் போதும். நம் ஊர்க் கதைக்கு வருவோம். இதே சுங்கை சிப்புட்டில் 1954ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி கலாசாலை தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் இவ்வூரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அதே 1954இல்தான். பிறகு தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் துன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பங்கு சேர்த்தார். நாள் சம்பளம் சில வெள்ளிகளே இருந்த காலம் அது! அந்தப் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள்; அதன்பின் பல தோட்டங்களை வாங்கினார்கள். பால்வாளி தூக்கியவன் தோட்டத்துக்குப் பங்காளி ஆனான்.

இந்தக் கதையை நாம் விழா மேடையில் சொல்லிக் கைதட்டுகிறோம். ஆனால் அதிலுள்ள பாடம் என்ன? தொழிலாளி தன் காசைப் போட்டதால் கணக்குக் கேட்டான். பங்குக்காரன் கூட்டத்துக்கு வருவான். வேடிக்கை பார்க்கிறவன் சாப்பாட்டுக்கு வருவான். கல்வி மானியத்திலும் அப்படித்தான். நம் காசு ஒரு வெள்ளியாவது அதில் இருந்தால்தான் நமக்குக் கேட்கும் வாய் இருக்கும்.

“அரசாங்கத்தின் கடமையை நாம் ஏன் தலையில் சுமக்கவேண்டும்? வரி கட்டவில்லையா?” என்று தோழர் ஒருவர் கேட்பார். கட்டுகிறோம், ஆகவே கேட்போம், விடமாட்டோம். நம் பங்கு அரசாங்கத்தின் பங்குக்குப் பதில் அன்று. மானியம் வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளக் கை வேண்டும். அது நிற்கும்போது வகுப்பு சாகாமல் இருக்க உயிர் வேண்டும். அந்தக் கையும் உயிருமே நம் பங்கு.

கிராணிகள் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். இஃது உதாரணக் கணக்குதான். உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். இருபது இளைஞர்கள். வாரம் மூன்று மாலை. வருஷத்தில் நாற்பது வாரம். மொத்தம் 120 மாலைகள். இரண்டு பேர் பாடம் சொல்லவேண்டும்: ஒருவர் தமிழ், ஒருவர் தேசிய மொழி. ஒருவருக்கு ஒரு மாலைக்கு 40 வெள்ளி வீதம் வருஷத்துக்கு 9,600 வெள்ளி. புத்தகம், நோட்டு, எழுதுகோல் ஆளுக்கு 60 வெள்ளி வீதம் 1,200. தேநீரும் பிஸ்கட்டும் மாலைக்கு 10 வெள்ளி வீதம் 1,200. ஆக மொத்தம் 12,000 வெள்ளி.

நூறு குடும்பம் மாதம் 2 வெள்ளி போட்டால் வருஷத்துக்கு 2,400 வெள்ளி. புத்தகமும் தேநீரும் நம் காசில் முடிந்தன. பாடம் சொல்கிறவருக்கான 9,600 வெள்ளியை மட்டும் மானியமாகக் கேட்போம். கட்டடம் வேண்டாம், சமூக மண்டபம் இருக்கிறது. பதாகை வேண்டாம், கரும்பலகை போதும். அடுத்த வருஷம் மானியம் வரவில்லை என்று வையுங்கள். புத்தகம் இருக்கிறது. நம் 2,400 வெள்ளியில் ஓர் ஆசிரியரை வைத்து வாரத்துக்கு ஒரு மாலையாவது நடத்தலாம். 1,600 வெள்ளிதான் ஆகும். மீதம் 800 தேநீருக்கும் நோட்டுக்கும். வகுப்பு இளைக்கும், சாகாது. மறுபடி மானியம் வரும்போது நிமிர்ந்துகொள்ளும்.

ஆகவே கிளைகளின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது மலிவு விலை வீடுகளில் இருக்கும் நம் குடும்பங்களிலும், 13 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்களில் யார் வாசிக்கத் தடுமாறுகிறார்கள் என்று வீடு வீடாகப் பார்க்கவேண்டும். யாரையும் அவமானப்படுத்தாமல், தாயோ தமக்கையோ கேட்பதுபோல் கேட்கவேண்டும். பேரை ஒலிபெருக்கியில் வாசிக்கக்கூடாது.

இரண்டாவது, கமிட்டி. ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்கள் இருக்கவேண்டும். பிள்ளை எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறது, எங்கே போகிறது என்று அறிந்தவர்கள் அவர்கள்தாம். பெண்பிள்ளைகள் இருட்டில் பாதுகாப்பாக வந்து திரும்பவும் அவர்களே வழி சொல்வார்கள். விண்ணப்பமும் கணக்கும் எழுதும் வேலையைக் கிராணிகளாகிய நாங்கள் இலவசமாகச் செய்கிறோம். ஒரு காலத்தில் தோட்டத்துக்காகப் பகுதிநேர வாத்தியார் வேலை பார்த்த வர்க்கம் நாங்கள். இன்று அந்தக் கடனைத் தீர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கற்பிக்கும் பாடம். சம்பளத் துண்டு, சேமநிதிக் கணக்கு, சொக்சோ பாரம், தவணை ஒப்பந்தம், கூட்டு ஒப்பந்தத்தின் சில பக்கங்கள், ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு மலாய்ப் பத்திரிகை — இவையே பாடநூல்களோடு மேசையில் இருக்கவேண்டும். பதினாறு வயது வாலிபனை மறுபடி “அம்மா, ஆடு” என்று உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனுக்கு நாளைக்கே பயன்படும் தாளைக் கையில் கொடுத்தால் வருவான்.

நான்காவது, கணக்கு. மானியம் கொடுப்பவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் அதைச் சொல்வோம், அதோடு நிற்கமாட்டோம். வகுப்பில் சேர்ந்த நாளில் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் குறித்து வைப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி வாசிக்கச் சொல்லிக் குறிப்போம். வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் மண்டபச் சுவரில் ஒட்டுவோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். இப்படி ஒரு கணக்கு நம் கையில் இருந்தால், எந்த அதிகாரியிடமும் எந்த அமைச்சரிடமும் போய்த் தலைநிமிர்ந்து மானியம் கேட்கலாம்.

தோழர்களே! தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வை என்று 1923இல் சட்டம் சொல்லவேண்டியிருந்தது. இன்று நம் பக்கத்தில் வாசிக்கத் தெரியாத பத்து வாலிபர்கள் இருந்தால் வகுப்பு வைக்க நமக்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்துச் செயலாளரும் இரண்டு தாள்கள் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒன்றில் வாசிக்கவேண்டிய இளைஞர்களின் எண்ணிக்கை. மற்றொன்றில் மாதம் 2 வெள்ளி தர ஒப்புக்கொண்ட குடும்பங்களின் கையெழுத்து. அவற்றை வைத்து அந்தக் கூட்டத்திலேயே முதல் விண்ணப்பத்தை எழுதிவிடுவோம்.